ஸ்கிடூவில் நெடுந்தூரப் பயணம்: போகமுன் போடவேண்டிய கணக்குகள்

(எமது சங்கத்தின் பனிக்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஊரில் ஏ.எல். எடுத்துப்போட்டு வெளிக்கிட்டவன். இங்கே வந்த நாளில் இருந்து தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மெசினோடு நிற்கிறவன். செயலாளர் அண்ணை போன கிழமை கூப்பிட்டு, "தம்பி, நீ மாரியில் ஸ்கிடூ எண்டு வடக்குப் பக்கம் போறனியாம். அதைப்பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசு. உன்ரை வீரக்கதை வேண்டாம், போக விரும்புகிற பிள்ளையளுக்கு உதவுகிற மாதிரிச் சொல்லு" என்றார். ஆகவே வீரக்கதை இல்லை. கணக்குத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், ஏன் இந்த விஷயம் எங்களுக்கு? கார்த்திகையில் யன்னலைப் பூட்டினால் சித்திரையில்தான் திறக்கிறம். எங்கடை சனத்தில் கனபேர் இருக்கிற கோட்-டெ-நேஜ் என்ற இடத்தின் பெயரிலேயே 'நேஜ்', அதாவது பனி, இருக்குது. அந்தப் பனியில் நாங்கள் செய்கிற வேலை பஸ்ஸுக்கு நிற்கிறதும், வாசலில் அள்ளுகிறதும்தான். வருஷத்தில் ஐந்து மாதத்தை இப்படி வேண்டாவெறுப்பாகக் கழித்தால், முப்பது வருஷம் இருந்தவர் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலே வீட்டுக்குள்ளே அடைபட்டு இருந்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கடை பிள்ளைகள் அப்படி இருக்கப்போவதில்லை. அவர்கள் சிநேகிதரோடு வெளிக்கிடத்தான் போகிறார்கள். அப்போது தாய் தகப்பனுக்கு விஷயம் தெரிந்திருந்தால் "போகாதை" என்று மட்டும் சொல்லாமல், "இதைப் பார்த்தியா, அதை எடுத்தியா" என்று கேட்கலாம். அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

இந்த வாகனம் பிறந்த கதை

ஸ்னோமொபைல் என்று ஆங்கிலத்திலும், மோட்டோநேஜ் என்று பிரெஞ்சிலும் சொல்லுவார்கள். இங்கத்தைச் சனம் எந்தக் கொம்பனி செய்த மெசினையும் ஸ்கிடூ என்றுதான் சொல்லும். முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டை, பின்னுக்கு ஒரு றப்பர்ப் பட்டி. அவ்வளவுதான்.

இது எங்கேயோ தூரதேசத்தில் பிறந்ததில்லை. மொன்றியலில் இருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிற வல்கூர் என்ற ஊரில் பிறந்தது. ஜோசெப்-ஆர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் 1907இல் பிறந்தவர். 15 வயதிலேயே, 1922இல், பழைய கார் எஞ்சினைப் பூட்டிப் பனியில் ஓடுகிற வண்டி ஒன்றைச் செய்து பார்த்தவர். 1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. றோட்டெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துபோனது. அந்த மனிதர் பட்டறையை விட்டு விலகவில்லை. 1937இல் பற்சில்லும் றப்பர்ப் பட்டியும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை எடுத்து, ஏழு பேர் போகக்கூடிய பனி வண்டியை விற்றார். பிறகு வந்த பன்னிரண்டு பேர் வண்டி அம்புலன்சாகவும் பள்ளிக்கூட பஸ்ஸாகவும் தபால் வண்டியாகவும் ஓடியது.

1948இல் கியூபெக் அரசாங்கம் மாரியிலும் றோட்டுகளைத் துப்புரவாக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. றோட்டுத் திறந்தால் பனி வண்டி எதுக்கு? வியாபாரம் விழுந்தது. அவர் காட்டு வேலைக்கு இழுவை வண்டிகள் செய்தார். பாரம் குறைந்த எஞ்சின்கள் வந்த பிறகு, 1959இல் ஒருவர் இருவர் போகிற சின்ன வண்டியை விற்பனைக்கு விட்டார். அதுதான் ஸ்கிடூ. 1964இல் 56 வயதில் காலமானார். வல்கூரில் அவருடைய பெயரில் அருங்காட்சியகம் இருக்குது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது விளையாட்டுப் போலத் தெரிகிற இந்த வாகனத்துக்குப் பின்னாலே, பனியில் வழி இல்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இருக்கிறார். பனியை இலேசாக எடுக்கக் கூடாது என்பது இந்த வாகனத்தோடேயே பிறந்த பாடம்.

பாதை யார் போட்டது?

கியூபெக்கில் 33,000 கிலோமீற்றர் அளவில் ஸ்கிடூப் பாதை இருக்குது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று வைத்தால், எண்பது தரம் போகிற தூரம். இதை அரசாங்கம் நேரே பராமரிக்கிறதில்லை. ஊருக்கு ஊர் கழகங்கள், ஏறத்தாழ இருநூறு. எல்லாம் 1974இல் தொடங்கின மாகாண சம்மேளனத்தின் கீழ் இருக்கின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாத தொண்டர்கள். எங்கடை சங்கம் மாதிரித்தான். கதிரை அடுக்குகிறதும் அவர்கள்தான், கணக்கெழுதுகிறதும் அவர்கள்தான்.

இரவில் ஒரு பெரிய இழுவை வண்டி பின்னுக்கு ஒரு தட்டோடு போய், மேடு பள்ளத்தைச் சீவி, பனியை உடைத்து, அமத்தி விட்டுப் போகும். உடைந்த பனி குளிரில் சில மணித்தியாலம் கிடந்தால்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகும். ஊரில் சாணகம் மெழுகின திண்ணையைக் காயமுதல் மிதிக்க விடமாட்டினம் அல்லவா, அதே கதைதான். ஆகவே நல்ல பாதை வேணுமென்றால் காலமை போகவேணும். பின்னேரம் நூறு பேர் ஓடி முடித்த பாதை, மாட்டு வண்டில் போன வயல் வரம்பு மாதிரி இருக்கும், நாரி முறியும்.

பாதையில் பெரும்பகுதி ஆருடையதோ காணிக்குள்ளாலே போகுது. கமக்காரர் "சரி, மாரியில் போங்கோ" என்று விட்டிருக்கிறார். ஒருவன் பாதையை விட்டிறங்கி வயலுக்குள்ளே ஓடினால், அடுத்த வருஷம் அந்தக் கமக்காரர் அடைத்துவிடுவார். பிறகு ஐம்பது கிலோமீற்றர் சுற்றிப் போகவேண்டி வரும். சத்தமும் அப்படித்தான். லோறன்ரீட் மலைப்பக்கம் பழைய ரயில் பாதை ஒன்றில் ஸ்கிடூ ஓடியது. கரையில் குடியிருந்த சனம் சத்தம் தாங்காமல் வழக்குப் போட, 2004இல் கியூபெக் உயர் நீதிமன்றம் ஒரு பகுதியில் ஓடத் தடை விதித்தது. நாங்கள் ஓடுகிற பாதை மற்றவர்களின் பொறுமையில் கிடக்குது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேணும். சான்-மிஷெல்-டெ-சான் பக்கத்தால் வடக்கே போனால் மனவான் என்ற ஊர் வரும். அத்திகமெக் என்ற ஆதிக்குடி மக்களின் ஊர். அவர்கள் தங்கள் நிலத்தை நிதஸ்கினான் என்று சொல்லுவார்கள். 2014இல் அது தங்களுடையது என்று பிரகடனமும் செய்தார்கள். சொந்தக் காணி பறிபோன நாங்கள் அந்த நிலத்தால் போகும்போது, பாதையை விட்டிறங்காமல், குப்பை போடாமல், கண்டவரைக் கையெடுத்து வணங்கிப் போவது எங்களுக்கு அழகு.

முதற் கணக்கு: கடுதாசிகள்

பதினாறு வயது ஆகவேணும். சாரதி அனுமதிப்பத்திரம் வேணும். கழகத்தின் பாதைக்கு அனுமதிச் சீட்டு வாங்கவேணும். மாரி தொடங்கமுதல் வாங்கினால் விலை குறைவு. ஒரு நாள், மூன்று நாள், ஒரு கிழமை என்றும் தருவார்கள். வாகனத்துக்குப் பத்து லட்சம் டொலருக்குக் குறையாத பொறுப்புக் காப்புறுதி இருக்கவேணும். வாடகைக்கு எடுத்தால், காப்புறுதி எதை மூடுது, வாகனம் உடைந்தால் நாங்கள் எவ்வளவு கட்டவேணும் என்று கையெழுத்து வைக்கமுதல் வாசிக்கவேணும். பிரெஞ்சு விளங்காவிட்டால் விளங்கினவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கனபேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. கியூபெக்கில் கார் விபத்தில் காயப்பட்டால் அரசாங்கத்தின் வாகனக் காப்புறுதி காசு தரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்கிடூ விபத்துக்கு அது பொருந்தாது. ஓடிக்கொண்டிருக்கிற கார் ஏதும் சம்பந்தப்பட்டால் ஒழிய ஒரு சதமும் இல்லை. தொழிற்சாலையில் மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிற எங்களுக்குக் கால் முறிந்தால் மூன்று மாதம் வீட்டு வாடகை ஆர் கட்டுவது? அதனால் தனிப்பட்ட விபத்துக் காப்புறுதி இருக்குதோ என்று வேலையிடத்திலும் கேளுங்கோ, வெளியிலும் விசாரியுங்கோ.

அடுத்தது குடி. குளிருக்கு ஒரு சொட்டு என்று சொல்லுகிற பழக்கம் எங்களிட்டையும் இருக்குது, வெள்ளைக்காரரிட்டையும் இருக்குது. குடித்துப்போட்டு வாகனம் ஓட்டுகிற குற்றம் காருக்கு மட்டும் இல்லை, ஸ்கிடூவுக்கும் பொருந்தும். 2018 டிசம்பர் 18ஆம் திகதியில் இருந்து இந்தக் குற்றத்துக்கு உச்ச தண்டனை 5 வருஷத்தில் இருந்து 10 வருஷமாகக் கூட்டப்பட்டது. அதனால் குடிவரவுச் சட்டத்தின்படி அது பாரதூரமான குற்றங்களோடு சேர்ந்துவிட்டது. நிரந்தர வதிவிட உரிமை வைத்திருக்கிறவருக்கும் நாட்டைவிட்டு அனுப்புகிற நடவடிக்கை வரலாம். பிரஜாவுரிமை எடுத்தவனுக்குத் தண்டப்பணத்தோடும் லைசென்சோடும் முடிகிற விஷயம், எங்களில் சிலருக்கு வாழ்க்கையையே புரட்டிவிடும். எத்தனை வருஷம் காத்திருந்து, எத்தனை விசாரணைக்குப் போய் எடுத்த கடுதாசி! ஒரு போத்தலுக்கு அதைப் பணயம் வைக்கலாமா?

இரண்டாம் கணக்கு: தூரமும் வெளிச்சமும் பெற்றோலும்

மப்பைப் பார்த்து "ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீற்றர் போகலாம்" என்று சொல்லுகிறவனை நம்பாதையுங்கோ. சட்டப்படி பொதுவான உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். வீடுகளுக்குக் கிட்ட 50, 30 என்று பலகை இருக்கும். ஆனால் வளைவு, சந்தி, றோட்டுக் கடவை, நிற்கிறது எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி 35க்கு மேல் வராது. 200 கிலோமீற்றருக்கு ஆறு மணித்தியாலம் என்று வையுங்கோ. சாப்பாட்டுக்கும் பெற்றோலுக்கும் ஒன்றரை மணித்தியாலம். காலமை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் மூன்றரை. தை மாதத்தில் நாலரைக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். ஆகவே பழகினவர்களுக்கே 200தான் நல்ல கணக்கு. முதல் தரம் போகிறவர்களுக்கு 100, 120 காணும்.

இருட்டில் ஏன் ஓடக் கூடாது? முன் லைற் அறுபது மீற்றர் அளவில்தான் தெளிவாகக் காட்டும். 70இல் ஓடினால் அந்த அறுபது மீற்றரை மூன்று செக்கனில் தாண்டிவிடுவீர்கள். முன்னுக்கு ஒரு மான் நின்றாலோ, பாதை சீவுகிற பெரிய வண்டி எதிரே வந்தாலோ, மூன்று செக்கனில் மனிசன் என்ன செய்வான்?

பெற்றோல் கணக்கு: தாங்கியில் 40 லீற்றர் பிடிக்கும் என்று வையுங்கோ. 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றர் என்று பாதகமாகவே கணக்குப் போட்டால் 200 கிலோமீற்றர் வரும். அதில் காற்பங்கைத் தொடாமல் வைக்கவேணும், ஏனென்றால் பாதை அடைத்திருந்தால் திரும்பி வரவேணும். மிச்சம் 150. எனவே ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 150க்கு மேல் இருந்தால் அந்தப் பாதையைத் தெரிவு செய்யாதையுங்கோ. நிலையம் மப்பில் இருந்தால் காணாது. திறந்திருக்குதோ என்று ரெலிபோன் எடுத்துக் கேட்கவேணும். ஞாயிற்றுக்கிழமை பூட்டுகிற இடங்கள் உண்டு.

படுக்கிற இடமும் முன்கூட்டியே பதிவு செய்யவேணும். பங்குனி மாதப் பள்ளிக்கூட விடுமுறைக் கிழமையில் ஒரு அறையும் கிடையாது. வெளிக்கிடுகிற அன்று காலமை சம்மேளனத்தின் ஐமோட்டோநேஜ் மப்பைப் பார்த்து, பாதை திறந்ததா, பூட்டினதா என்று அறியவேணும். டிசம்பர் நடுவில் இருந்து மார்ச் கடைசி வரை என்று சொன்னாலும், மழை பெய்தால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும். இப்போதெல்லாம் மாரிக்குள்ளே மழை அடிக்கடி வருகுது.

மூன்றாம் கணக்கு: ஆட்கள்

செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முன்னுக்கு வேல் போகும். நடக்க ஏலாதவர்களை நடுவில் விடுவார்கள். எந்த மடத்தில் தங்குவது, எங்கே தண்ணீர் என்று வெளிக்கிடமுதலே தெரியும். ஸ்கிடூப் பயணத்துக்கும் அதே ஒழுங்குதான் வேணும்.

ஆறு வண்டிக்கு மேல் ஒரு கூட்டமாகப் போகாதையுங்கோ. பாதை தெரிந்தவர் முன்னுக்கு. பழக்கம் குறைந்தவர் அவருக்கு நேர் பின்னுக்கு. நல்ல மெக்கானிக் மூளை உள்ளவர், ஆயுதப் பெட்டியோடு கடைசியில். எதிரே வருகிறவருக்கு, பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரலால் காட்டுவார்கள். கடைசி ஆள் மூடின கையைக் காட்டுவார். எல்லாத்திலும் பெரிய விதி இதுதான்: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒருவருக்குப் பொறுப்பு. சந்தி வந்தால், பின்னால் வருகிறவர் உங்களைக் காணுமட்டும் நில்லுங்கோ. அவர் கண்ட பிறகு போங்கோ. இதைச் சரியாகச் செய்தால் நூறு கிலோமீற்றர் போனாலும் ஒருவரும் தொலையமாட்டார்கள்.

பெண் பிள்ளைகளும் தாராளமாகப் போகலாம். பலத்தை விடப் பொறுமைதான் வேணும். சால்வை, தாவணி, தொங்குகிற துணி ஒன்றும் கூடாது, பட்டியில் சிக்கும்.

நான்காம் கணக்கு: குளிர்

வெப்பநிலை சைபருக்குக் கீழே 20 என்று றேடியோ சொல்லும். அது காற்றில்லாத கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது சைபருக்குக் கீழே 36 மாதிரி. வண்டி ஓடுகிறபோது அந்தக் காற்றை நாங்களே உண்டாக்குகிறோம்.

பருத்தி உடுப்பு உடம்போடு ஒட்டப் போடாதையுங்கோ. அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு உறையும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடுப்பு, அதுக்கு மேல் ஒரு தடிப்பு, அதுக்கு மேல் காற்றுப் புகாத உடுப்பு. கையுறையும் காலுறையும் இரண்டு சோடி. நிற்கிற இடத்திலெல்லாம் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவேணும். மூக்கு நுனி, காது, கன்னம் வெளிறி, விறைத்து, நோகாமல் இருந்தால் உடனே சூடான இடத்துக்குக் கொண்டுபோகவேணும். பனியால் தேய்க்கக் கூடாது.

குளிர் ஆளைப் பார்த்துத் தொடாது. 2022 ஜனவரி 19ஆம் திகதி, மனிற்றோபா மாகாணத்தில் எமேர்சன் என்ற எல்லை ஊருக்குக் கிட்ட, குஜராத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம், தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும், நடந்து அமெரிக்க எல்லையைக் கடக்கப்போய் உறைந்து இறந்து கிடந்தார்கள். மூத்ததுக்கு 11 வயது, இளையதுக்கு 3 வயது. அவர்கள் பயணக்காரர் இல்லை, எங்களைப் போல வழி தேடின சனம். இதை இந்த மேடையில் சொல்லாமல் விட ஏலாது. யாராவது "காட்டுப் பாதையால் எல்லையைக் கடக்கலாம், கொஞ்சத் தூரம்தான்" என்று உங்களுக்குச் சொன்னால், அந்தப் பிள்ளைகளை நினையுங்கோ.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் அதைத்தான் கேட்டவை. தண்ணிப் போத்தல் உறைந்துவிடும். சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுபோங்கோ. எஞ்சினின் புகைக்குழாயில் பூட்டி வைக்கிற ஒரு சின்னத் தகரப் பெட்டி விற்கிறார்கள். அதுக்குள்ளே சாப்பாட்டை வைத்தால் போகப் போகச் சூடாகும். நான் மட்டன் றோல்ஸ் வைத்துக் கொண்டுபோனேன். என்னோடு வேலை செய்கிற கியூபெக்காரர் ஒருவர் ஒன்றை வாங்கிக் கடித்துப்போட்டு, அடுத்த பயணத்துக்குத் திகதி வைக்கமுதல் "றோல்ஸ் வருமா?" என்றுதான் கேட்டவர்.

ஐந்தாம் கணக்கு: ஏரி

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று எங்கடை முன்னோர் சொன்னது இங்கத்தை ஏரிகளுக்கென்றே சொன்னது போல இருக்குது. மேலே வெள்ளை வெளேரென்று கிடக்கும். கீழே என்ன என்று தெரியாது.

2020 ஜனவரி 21ஆம் திகதி இரவு, லாக் சான்-ஜான் ஏரியில், பிரான்சில் இருந்து வந்த எட்டுப் பயணிகளும் ஒரு வழிகாட்டியும் ஸ்கிடூவில் போனார்கள். குறி போட்ட பாதைக்கு வெளியே, நீரோட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி உடைந்தது. மூன்று பேர் தப்பினார்கள். ஐந்து பயணிகளும் வழிகாட்டியும் இறந்தார்கள். கூடப் போனவர் அந்தத் தொழிலே செய்கிறவர். அப்படியிருந்தும் நடந்தது.

கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் ஸ்கிடூவுக்கு 25 சென்ரிமீற்றர் தடிப்பு வேணும் என்கிறது. தெளிந்த நீலநிறக் கட்டி பலமானது. வெள்ளைக் கட்டிக்குப் பாதிப் பலம்தான். சாம்பல் நிறம் என்றால் தண்ணி ஊறியிருக்குது, கால் வைக்கக் கூடாது. ஆறு விழுகிற வாய், பாலத்தின் கீழ், ஏரி ஒடுங்குகிற இடம் எல்லாம் ஆபத்து. மின்சாரத்துக்கும் ஆற்றுக்கும் அணை கட்டின நீர்த்தேக்கங்களில் இன்னொரு சிக்கல். தண்ணியைத் திறந்துவிட மேலே கட்டி தொங்கிக்கொண்டு நிற்கும், அடியில் வெறுமை. எனவே என்னுடைய விதி ஒன்றுதான்: கழகம் குறி நட்டுத் திறந்த இடம் தவிர ஏரியில் இறங்குவதில்லை. சுற்றிப் போனால் ஒரு மணித்தியாலம்தான் கூட.

பலகைகளில் கூடுதலாகப் படக்குறிதான் இருக்கும். எழுத்து இருந்தால் அது பிரெஞ்சில் இருக்கும். மூன்று சொல்லைப் பாடமாக்குங்கோ. 'சான்த்தியே ஃபெர்மே' என்றால் பாதை பூட்டு. 'கிளாஸ் மான்ஸ்' என்றால் மெல்லிய பனிக்கட்டி. 'றலான்த்தீர்' என்றால் வேகத்தைக் குறை. பிரெஞ்சு வகுப்பில் கற்ற எல்லாம் மறந்தாலும் இந்த மூன்றும் மறக்கக் கூடாது.

கடைசிக் கணக்கு: வண்டியும் வீடும்

வண்டியில் கட்டாயம் இருக்கவேண்டியது: எஞ்சினில் இருந்து பட்டிக்கு இழுவை கொடுக்கிற பெல்ற் ஒன்று மேலதிகமாக, சாவிப் பெட்டி, இழுவைக் கயிறு, ரோச் லைற், நெருப்புப் பெட்டி, முதலுதவிப் பெட்டி, கடுதாசி மப். இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுடைய வண்டி ஒன்றின் பெல்ற் காட்டுக்குள்ளே அறுந்தது. குளிர் சைபருக்குக் கீழே 24. மேலதிக பெல்ற் இருந்ததால் இருபது நிமிஷத்தில் மாற்றிக்கொண்டு போனோம். இல்லாவிட்டால் இரவு முழுக்க அங்கேதான். இன்னொன்று: கனக்க எஞ்சின்கள் பட்டி எறிகிற பனியாலேதான் குளிர்கின்றன. பனி இல்லாத கட்டிப் பாதையில் கனநேரம் ஓடினால் எஞ்சின் கொதிக்கும்.

கைத்தொலைபேசி காட்டுக்குள்ளே வேலை செய்யாது. செய்மதியால் தகவல் அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று கூட்டத்துக்கு ஒன்றாவது வேணும். அதை விட முக்கியம், வீட்டில் ஒரு கடுதாசி. ஆர் ஆர் போகினம், எந்தப் பாதை, எந்த விடுதி, எத்தனை மணிக்கு அழைப்பு வரும், எத்தனை மணி தாண்டினால் பொலிசுக்கு அறிவிக்கவேணும். எங்கடை வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அது ஒட்டியிருக்கும். அது ஒட்டாமல் என்னுடைய மனிசி திறப்பைத் தரமாட்டா. அவவின் பயத்துக்கு மருந்தும் அந்தக் கடுதாசிதான்.

இனிக் காசு. ஒளிக்காமல் சொல்லவேணும், இது மலிவான விஷயம் இல்லை. புதிய வண்டி பதினையாயிரம் டொலரைத் தாண்டும். ஊருக்கும் காசு அனுப்பிக்கொண்டு, கிரெடிற் காட்டில் வண்டி வாங்கப்போகாதையுங்கோ. நாலு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கோ. வழிகாட்டியோடு போங்கோ. பிடித்திருந்தால் அடுத்த வருஷம் இரண்டு நாள். அப்படித்தான் நானும் தொடங்கினேன். இன்றைக்கும் எனக்குச் சொந்த வண்டி இல்லை.

"காசும் செலவு, ஆபத்தும் இருக்குது, பிறகு ஏன் போறாய்?" என்று இதில் முன்வரிசையில் இருக்கிற மாமா கேட்பார். நியாயமான கேள்வி. மாமா, கியூபெக்கின் கிழக்கு ஓரத்தில், கெகாஸ்கா என்ற ஊரோடு 138ஆம் இலக்க றோட்டு முடிஞ்சுபோகும். அதுக்கு அங்காலே பிளான்-சப்லோன் பக்கம் வரைக்கும் கடற்கரையோரம் ஊர்கள் இருக்குது. இன்னு என்ற ஆதிக்குடி மக்களின் ஊர்களும் அதில் உண்டு. ஒன்றை ஒன்று இணைக்க மாரியில் 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஸ்கிடூப் பாதைதான் இருக்குது. அதை 'வெள்ளைப் பாதை' என்று சொல்லுவார்கள், போக்குவரத்து அமைச்சு பராமரிக்குது. அந்தச் சனத்துக்கு மாரி என்றால் அடைபட்டிருக்கிற காலம் இல்லை. பாதை திறந்து சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற காலம். பனி பிந்தி வருகிற மாரியில்தான் அவர்கள் கவலைப்படுகிறார்கள்.

நாங்கள் பனியைப் பார்க்கிற பார்வைக்கு இது எவ்வளவு வித்தியாசம்! தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் கனகாலம் நான் தனி மேசையில் இருந்து சாப்பிட்டவன். மற்றவர்கள் திங்கட்கிழமை காலமை பாதையைப் பற்றிக் கதைப்பார்கள், எனக்கு ஒன்றும் விளங்காது. இன்றைக்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அந்த மேசையில் பழகினதுதான். இந்த நாட்டில் இருந்துகொண்டு வருஷத்தில் ஐந்து மாதத்தை வேண்டாமென்று தள்ளிவைக்க ஏலாது. அதையும் நாங்கள் வாழத்தான் வேணும், ஆனால் கணக்குப் போட்டு வாழவேணும்.

வருகிற மாரியில் சங்கத்தின் பிள்ளைகள் ஆறு பேரை ஒரு நாள் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று செயலாளர் அண்ணையோடு கதைத்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், வீட்டில் சம்மதம் வாங்கினவர்கள், பெயரைக் கொடுங்கோ. ஐப்பசியில் ஒரு நாள் மப்பை விரித்து வைத்துக் கணக்குப் போடுவோம். தாய் தகப்பன்மாரும் வந்து பக்கத்தில் இருங்கோ, கேள்வி கேளுங்கோ. நீங்கள் கேட்கிற கேள்வியில்தான் நாங்கள் மறந்த சாமான் ஞாபகம் வரும்.